வராகம் திரும்பி வந்த ஊர்

திருவண்ணாமலையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து, செஞ்சி, திண்டிவனம் என்று குலுங்கிப் போய் பாண்டிச்சேரியில் இறங்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஐயங்குளம், அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் சிவகங்கை தீர்த்தம். அப்புறம் வீட்டுக் குழாய், அது மனசு வைக்கிற அன்று. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் கடல் நீச்சலைப் பற்றி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். நடுக்கடலில் நீந்துகிறவனுக்கு வருகிற ஒரே பெரிய கேள்வி, 'மேலே போவதா, போதும் என்று நிறுத்துவதா?' என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் ஊர் ஸ்தல புராணத்திலேயே இருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று தகராறு. சிவன் நெருப்புத் தூணாக நடுவில் வந்து நின்று, 'அடியையோ முடியையோ பார்த்துவிட்டு வாருங்கள்' என்றார். விஷ்ணு வராகமாகிக் கீழே தோண்டிக்கொண்டே போனார். பிரம்மா அன்னமாகி மேலே பறந்துகொண்டே போனார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. விஷ்ணு ஒரு கட்டத்தில் நின்றார். திரும்பி வந்தார். 'என்னால் முடியவில்லை' என்றார். பிரம்மா? வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, 'நான் முடியைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்' என்று செட் பண்ணினார். மாட்டிக்கொண்டார்.

விளைவு: முடியவில்லை என்று சொன்னவருக்கு நூற்றெட்டுத் திவ்ய தேசம். எட்டிவிட்டேன் என்று சொன்னவருக்கு எங்காவது ஒரு கோயில் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தாழம்பூவுக்கு சிவன் கோயிலுக்குள் நிரந்தரத் தடா.

இதை பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், எப்போது நிறுத்துவது, நிறுத்திவிட்டு என்ன சொல்வது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

* * *

எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர். டீ டயத்தில் பேப்பர் படிக்கிற ஜாதி. பாக் நீரிணையை யாரோ நீந்திக் கடந்த செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"ஸார், நடுக்கடல்ல முடியலேன்னா இன்னா ஸார் பண்ணுவாங்க?"

"கூடவே போட் வரும் தம்பி. ஏறிக்க வேண்டியதுதான்."

"சரி... முடியுதா முடியலையான்னு யார் ஸார் சொல்றது?"

டீ ஆறிப் போனது. கேள்வி அப்படி.

முதலில் இந்த ஆட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரக் கடல் நீச்சலில் உடம்பில் ஒரு சாதாரண நீச்சல் உடை, தலைக்கு ஒரு தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. அவ்வளவுதான். உடம்பில் கிரீஸ் தடவிக்கொள்ளலாம். சாப்பாட்டை போட்டிலிருந்து கயிற்றிலோ கம்பிலோ நீட்டுவார்கள். மிதந்துகொண்டே குடித்துக்கொள்ள வேண்டும். போட்டைத் தொடக் கூடாது. போட்டில் இருக்கிறவர்களும் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் ஆட்டம் க்ளோஸ்.

ஆகவே பத்து மணி நேரம் நீந்திய பிறகு நிறுத்துவது என்பது ரொம்ப சுலபமான காரியம். ஒரு விரலை நீட்டினால் போதும். விரலை நீட்டாமல் இருப்பதுதான் நீச்சலே!

* * *

இந்த விளையாட்டின் பிள்ளையார் சுழி மாத்யூ வெப் என்ற ஆங்கிலேயக் கப்பல் கேப்டன். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இருக்கும் ஆங்கிலக் கால்வாய், மிகக் குறுகலான இடத்தில் சுமார் 34 கிலோமீட்டர். துணைக் கருவி எதுவும் இல்லாமல் அதை முதன் முதலில் நீந்திக் கடந்தவர் அவர். 1875 ஆகஸ்ட் 24-ம் தேதி டோவரில் குதித்து மறுநாள் கலே அருகே கரையேறினார். 21 மணி 45 நிமிஷம்.

பாடப் புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். விஷயம் அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் இருக்கிறது. ஆகஸ்ட் 12-ம் தேதியே அவர் குதித்தார். காற்றும் அலையும் சரியில்லை. பாதியில் நிறுத்திவிட்டு போட்டில் ஏறிக்கொண்டார். அந்த 12-ம் தேதி வீம்பு பிடித்திருந்தால் 24-ம் தேதி என்று ஒன்று வந்திருக்காது.

ஜெயித்த பிறகு வெப் பெரிய ஹீரோ. தீப்பெட்டி லேபிளில்கூட அவர் படம் வந்தது. ஆனால் புகழை வைத்து எத்தனை நாள் சாப்பிட முடியும்? அடுத்து, அதற்கடுத்து என்று சாகசம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை. 1883 ஜூலை 24-ம் தேதி நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே இருக்கும் சுழல் வெள்ளத்தில் குதித்தார். அங்கே கூட வர போட்டும் கிடையாது, நீட்டுவதற்கு விரல் இடமும் கிடையாது. இறந்து போனார். வயது 35.

அதே ஆள்தான். கால்வாயில் நிறுத்தத் தெரிந்தவருக்கு நயாகராவில் தெரியவில்லையா? எனக்கு என்னவோ, நயாகராவில் நிறுத்த வேண்டிய இடம் தண்ணீருக்குள் இல்லை என்று தோன்றுகிறது. கரையிலேயே, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் இருந்தது. சில நீச்சல்களை ஆரம்பிக்காமல் இருப்பதுதான் நிறுத்துவது.

அடுத்தவர் நம்ம ஊர்ப் பெண். கல்கத்தாவின் ஆரத்தி சாஹா. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் பதினோரு வயதில் கலந்துகொண்டவர். 1959 ஆகஸ்ட் 27-ம் தேதி பிரான்ஸ் பக்கத்திலிருந்து ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். வழிகாட்டிப் படகு முக்கால் மணி நேரம் போல லேட்! (படகுகூட லேட்டாக வரும் என்பது நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்.) கடலில் முக்கால் மணி லேட் என்றால் ஆபீஸில் லேட் மாதிரி கையெழுத்தோடு போகாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் நீரோட்டம் திசை மாறும். அந்தக் கணக்கே உதைத்துவிடும். இங்கிலாந்துக் கரை ஐந்து மைல் என்கிற இடம் வரை வந்துவிட்டார். எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. அப்புறம் மணிக்கணக்கில் நீந்தியும் நகர்ந்தது இரண்டு மைல்தான். அந்தப் பெண் விடுவதாக இல்லை. படகுக்காரர் பிடிவாதமாக நிறுத்தச் சொல்லி ஏற்றிவிட்டார்.

அன்று ராத்திரி அந்தப் படகுக்காரரை அவர் என்ன திட்டியிருப்பார் என்று ஊகிக்கலாம். செப்டம்பர் 29-ம் தேதி மறுபடி இறங்கினார். 16 மணி 20 நிமிஷத்தில் கரை. ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி. மறு வருஷம் பத்மஸ்ரீ.

மூன்றாமவர் அமெரிக்காவின் ஃப்ளாரன்ஸ் சாட்விக். இவர் கதையை உங்கள் கம்பெனி டிரெய்னிங்கில் கோட்டு போட்ட ஒருத்தர் கட்டாயம் சொல்லியிருப்பார். 1952 ஜூலை 4, காடலினா தீவிலிருந்து கலிஃபோர்னியா கரைக்கு நீச்சல். கெட்டியான மூடுபனி. பதினாறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீந்திவிட்டு, முடியவில்லை என்று ஏறிக்கொண்டார். ஏறின பிறகு பார்த்தால் கரை அரை மைல்! 'ஆகவே நண்பர்களே, ஒருபோதும் நிறுத்தாதீர்கள்' என்று கோட்டுக்காரர் முடிப்பார். கை தட்டுவோம். பிஸ்கட் வரும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளிர்ந்த கடலில் பதினாறு மணி நேரம் ஊறின ஒரு பெண்மணி, கரை கண்ணுக்குத் தெரியாத நிலையில், தன்னிடம் இருந்த தகவலை வைத்து எடுத்த முடிவு அது. அரை மைல் என்பது நமக்குத் தெரியும்; கோட்டுக்காரருக்குத் தெரியும்; தண்ணீரில் இருந்தவருக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து அதே சாட்விக் அதே கடலை நீந்திக் கடந்தார். இரண்டு மாதம் கழித்து நீந்த உயிரோடு இருந்தார் என்பதையும் கோட்டுக்காரர் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

* * *

சரி, நம்ம கடலுக்கு வருவோம்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர். இங்கே குளிர் பிரச்னை கிடையாது. தண்ணீர் வெந்நீர் போட்ட மாதிரி. பதிலாக இழுக்கும் நீரோட்டம், உடம்பில் சவுக்கால் அடித்தாற்போல் கொட்டும் ஜெல்லி மீன், கடல் பாம்பு, மண்டையைப் பிளக்கும் வெயில். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், ராத்திரியில் இறங்குவார்கள். இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும்.

1954-ல் தொண்டைமானாறைச் சேர்ந்த நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு 27 மணி நேரம் போல நீந்தி வந்தார். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் என்ற வங்காளி வக்கீல் தலைமன்னாரில் இறங்கி 25 மணி 36 நிமிஷத்தில் தனுஷ்கோடி வந்தார். இந்த சென்னும் 1958-ல் ஆங்கிலக் கால்வாயை ஜெயிப்பதற்கு முன்னால் பல தடவை அதே கால்வாயில் தோற்றுத் திரும்பியவர். 1966 ஒரே வருஷத்தில் ஐந்து நீச்சல். அதை 1994-ல் முறியடித்தவர் நம்ம குற்றாலீஸ்வரன். பன்னிரண்டு வயதுப் பையன் ஏப்ரலில் பாக் நீரிணையைப் பதினாறு மணி நேரத்தில் கடந்தான். ஆகஸ்ட் 15-ம் தேதி ஆங்கிலக் கால்வாய். அந்த வருஷத்துக்குள் மொத்தம் ஆறு. பேப்பரைத் திறந்தால் அந்தப் பையன் முகம்தான். 'பார், உன் வயசுதான்' என்று எத்தனையோ பையன்கள் அந்த வருஷம் வீட்டில் திட்டு வாங்கினார்கள். 1996-ல் அர்ஜுனா விருது.

இவர்களுக்கு நடுவில் இன்னொரு பெயர். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன்.

1971-ல் இவர் பாக் நீரிணையைப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணி நேரம். நமக்கு 51 மணி நேரம் தொடர்ந்து தூங்கவே வராது. அதோடு விடவில்லை. தமிழில் 'ஒற்றைக் காலில் நிற்கிறான்' என்று பிடிவாதக்காரனைச் சொல்வோம் இல்லையா? இவர் 1980-ல் நிஜமாகவே 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். 1981-ல் சென்னை மெரினா அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நின்றபடி மிதந்தார். 'போதும்' என்ற வார்த்தையை இவர் உடம்பு கேட்டதே இல்லை போலும்.

1984 ஆகஸ்ட் 6-ம் தேதி ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். திரும்பவில்லை. வயது 41.

இந்த இடத்தில் யார் மீதும் தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. 1971-ல் ஐம்பதாவது மணி நேரத்தில் ஒருத்தர் 'போதும் ஸார், ஏறுங்க' என்று சொல்லி அவர் கேட்டிருந்தால் சாதனை இல்லை. 1984-ல் கேட்டிருந்தால் உயிர் இருந்திருக்கலாம். அதே மனுஷன், அதே மனசு. கரையேறினால் அதற்கு விடாமுயற்சி என்று பெயர். ஏறாவிட்டால் பிடிவாதம் என்கிறோம். பெயர் வைப்பது கடல், நாம் இல்லை. ஆகவே 'விடாமுயற்சி வேண்டும், பிடிவாதம் கூடாது' என்ற உபதேசத்தை வைத்துக்கொண்டு நடுக்கடலில் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

* * *

இங்கேதான் நம்ம செக்‌ஷன் தம்பி கேட்ட கேள்வி வருகிறது. யார் சொல்வது?

பதில்: நீந்துகிறவர் இல்லை!

குளிர்ந்த நீரில் உடம்பின் உட்சூடு 37 டிகிரியிலிருந்து இறங்குகிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் நடுக்கம். நடுக்கம் நல்ல அறிகுறி. உடம்பு இன்னும் சண்டை போடுகிறது என்று அர்த்தம். 35-க்குக் கீழே இறங்க இறங்க, பேச்சு குழறும். விரல்கள் ஒட்டாமல் பிரிந்துகொள்ளும். பிறகு நடுக்கம் நின்றுவிடும். அப்பாடா என்று இருக்கும். அதுதான் ஆபத்தின் உச்சி. அந்தச் சமயம் நீந்துகிறவரைக் கேட்டால், 'எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்' என்பார். முதலில் போவது கை கால் இல்லை ஸார், புத்தி. டாஸ்மாக்கிலிருந்து வெளியே வருகிற நண்பரிடம், 'வண்டி ஓட்டுவியா?' என்று கேட்டால் என்ன பதில் வருமோ அதே பதில்தான்.

அதனால் போட்டில் இருக்கிறவர்கள் நீந்துகிறவரின் வாயை நம்புவதில்லை. கையை எண்ணுகிறார்கள். நிமிஷத்துக்கு அறுபது தடவை விழுந்துகொண்டிருந்த கை ஐம்பதுக்கு இறங்கினால் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். உதட்டு நிறம் பார்க்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில், 'உன் வீட்டு நம்பர் என்ன? இன்னிக்கு என்ன கிழமை?' என்று அசட்டுக் கேள்வி கேட்கிறார்கள். பதில் தடுமாறினால் ஏற்றிவிடுவார்கள். ஏற்ற வேண்டிய நிலைமை என்ன என்பதை முதல் நாளே, கரையில், வயிறு நிறைந்து புத்தி தெளிவாக இருக்கும்போது பேசி முடித்துவிடுகிறார்கள். கடலில் விவாதம் கிடையாது.

எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தோள் வலி, போர் அடிப்பது, உப்புத் தண்ணீரில் நாக்குத் தடித்துப் போவது, ஒரு தடவை வாந்தி, இருட்டில் பயம், 'எதுக்குடா இந்த வம்பு' என்கிற ஞானோதயம்... இதெல்லாம் வரும்; போகும். ஞானோதயம் பெரும்பாலும் ஒரு மடக்கு இனிப்புத் தண்ணீர் உள்ளே போனதும் மறைந்துவிடும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இருமலில் நுரை, தலை கிறுகிறுத்து திசை தப்புவது, பேச்சுக் குழறல் - இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஸ்ட்ரோக் போடக் கூடாது. வலி என்பது கோரிக்கை. மூச்சு என்பது உத்தரவு.

வெப்பமான கடலிலும் இதே கதைதான், தலைகீழாக. 2010 அக்டோபரில் அரபு நாட்டு ஃபுஜைராவில் பத்து கிலோமீட்டர் போட்டி. ஃப்ரான் க்ரிப்பன் என்ற அமெரிக்க வீரர், 26 வயது, உலகத் தரம். கடல் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. போட்டி முடிந்த பிறகுதான் அவர் கரை வரவில்லை என்பது தெரிந்தது. கூட நீந்தியவர்களே திரும்ப இறங்கித் தேடினார்கள். உடல்தான் கிடைத்தது. அதன் பிறகுதான், நீர் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் போட்டி கூடாது என்ற விதி வந்தது. அவருக்குப் பக்கத்தில் கையை எண்ணுகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

நம்ம பாக் நீரிணையிலும் 2024 ஏப்ரலில் ஒரு தொடர் நீச்சல் குழுவில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் நடுக்கடலில் மாரடைப்பால் இறந்தார். மற்றவர்கள் அந்த நீச்சலை அத்துடன் கைவிட்டார்கள். ரொம்ப சரி. சில சமயம் நிறுத்துவது மரியாதை.

* * *

எங்கள் ஊர் கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வருகிறார்கள். செருப்பில்லாமல் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பழகின பாதம், நிருதி லிங்கம் தாண்டும்போது புலம்ப ஆரம்பிக்கும். அடி அண்ணாமலைப் பக்கம் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வது: "இவ்ளோ தூரம் வந்தாச்சு... விட மனசு வரல."

இதில் ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. வந்த தூரம் ஏற்கெனவே செலவான காசு. பர்ஸில் இருப்பதைப் பார்த்துத்தான் அடுத்த பஸ் டிக்கெட் எடுக்க முடியும். கிரிவலப் பாதையில் தப்புக் கணக்குப் போட்டால் பரவாயில்லை. வட்டப் பாதை, பாதியில் நின்றால் திரும்புவதும் முடிப்பதும் ஒரே தூரம். போதாததற்கு, "இன்னா ஸார், முடியலையா? ஏறுங்க, கோபுரத்தாண்ட வுட்டுடறேன்" என்று ஏதாவது ஒரு மூலையில் ஆட்டோ காத்திருக்கும். கடலில் ஆட்டோ இல்லை. அங்கே கேள்வி மிச்ச தூரம் எவ்வளவு, மிச்ச தெம்பு எவ்வளவு என்பது மட்டும்தான். வந்த தூரத்தை அலைக்கே விட்டுவிட வேண்டும்.

நீங்கள் பாக் நீரிணையை நீந்தப் போவதில்லை, தெரியும். ஆனால் சனி, ஞாயிறு நாலு பேராகச் சேர்ந்து பாண்டிச்சேரி, மகாபலிபுரம் போவீர்கள். இடுப்பளவு தண்ணீரில் போட்டோ எடுப்பீர்கள். அங்கே கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஒன்று உண்டு. அலை உடையாமல் இரண்டு அலைகளுக்கு நடுவே அமைதியான சந்து மாதிரி தெரிகிற இடம்தான் பெரும்பாலும் அது. அதில் மாட்டினவர்கள் நேராகக் கரையைப் பார்த்து மூச்சைப் பிடித்து நீந்துவார்கள். விடாமுயற்சி! ஐந்து நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். அதற்கு எதிராக ஒலிம்பிக் வீரரே ஜெயிக்க முடியாது. செய்ய வேண்டியது: சண்டையை நிறுத்துவது. மிதப்பது. கையைத் தூக்கிக் காட்டுவது. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரையைப் பார்த்துத் திரும்புவது. நண்பன் மாட்டினால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். நம் ஊர்க் குளம், கிணறு, கல்குவாரிகளில் ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராகப் போனதைப் பேப்பரில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

* * *

குற்றாலீஸ்வரனுக்குத் திரும்ப வருகிறேன். பத்தாண்டு முடிவதற்குள் அவர் நெடுந்தூர நீச்சலை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கால்வாய்க்கும் விமானம், போட், அனுமதி, ஆள் என்று பணம் தண்ணீராக ஓட வேண்டும். ஸ்பான்ஸர் கிடைப்பது குதிரைக் கொம்பு. இன்ஜினீயரிங் படித்தார், அமெரிக்கா போனார். 'ஐயோ, விட்டுட்டாரே' என்று சூள் கொட்டியவர்கள் உண்டு. ஆறு கால்வாயை நீந்தியவருக்கு நிறுத்தத் தெரியாதா என்ன? அவர் போட்டில் ஏறினதும் ஒரு கணக்குதான்.

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் குரூப் ஒன், குரூப் டூ என்று ஆறேழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற தம்பிகளைப் பார்க்கிறேன். சிலருக்குக் கரை அரை மைல்தான், மூடுபனி மறைக்கிறது. சிலருக்கு நீரோட்டமே எதிர்த் திசை. எது எது என்று வெளியிலிருந்து சொல்ல நான் யார்? ஆனால் கடல்காரர்களின் பழக்கம் ஒன்றைக் கடன் வாங்கலாம். எத்தனை அட்டெம்ப்ட், எந்த வயசு வரை என்பதை முதல் ஃபாரம் போடும்போதே, புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி, உங்கள் கையை எண்ணக்கூடிய ஒருத்தரிடம் கொடுத்து வையுங்கள். அப்பாவிடம் வேண்டாம், அக்கா நல்ல சாய்ஸ். அந்த நாள் வந்து அக்கா 'ஏறு' என்றால் வாதாடாதீர்கள்.

நிறுத்தின பிறகு என்ன சொல்வது என்பதும் முக்கியம். 2013-ல் டயானா நியாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 64 வயதில், ஐந்தாவது முயற்சியில், கியூபாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு நீந்தினார். முதல் முயற்சி 1978-ல்! நாலு தடவை நிறுத்தத் தெரிந்தவர். ஆனால் ஐந்தாவதற்குப் பார்வையாளர் பதிவேடு முழுசாக இல்லை என்று, 2023-ல் உலகத் திறந்தவெளி நீச்சல் சங்கம் அதை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. சாட்சி சரியாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த விளையாட்டில், முடியவில்லை என்றவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. முடித்தேன் என்றவர்தான் பேப்பர் காட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கோடு முடிக்கிறேன். மாத்யூ வெப் நிறுத்தியதற்கும் ஜெயித்ததற்கும் நடுவில் 12 நாள். ஆரத்தி சாஹாவுக்கு 33 நாள். சாட்விக்குக்கு இரண்டு மாதம். இவர்கள் யாரும் நீச்சலை விடவில்லை, தேதியை மாற்றினார்கள். அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு, மாசக் கடைசியில் கேஷ் புக் பதினேழு ரூபாய் இடிக்கிறது என்று நாலே முக்காலுக்கு லெட்ஜரை மூடி, 'போதும் ஸார், நிறுத்தத் தெரியணும்னு போட்டிருக்கான்' என்று ஹெட்கிளார்க்கிடம் என்னைச் சாட்சிக்கு இழுத்துவிடாதீர்கள்.

தாழம்பூ கதி எனக்கு வேண்டாம்.